பெத்தேலும் பெத்தாவேனும்
எபிரேயத்தில் பெத்தேல் என்றால் 'தேவனுடைய வீடு'. லூஸ் என்று வழங்கிய ஊரில் கல்லைத் தலையணையாக வைத்துத் துயின்று, ஏணியைக் கனவில் கண்ட யாக்கோபு, விடிந்ததும் அக்கல்லைத் தூணாக நிறுத்தி எண்ணெய் வார்த்துச் சூட்டிய பெயர் அது (வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம் 28).

பெத்தாவேன் என்பதோ 'அக்கிரமத்தின் வீடு'. யோசுவா 7:2 இதை ஆயி பட்டணத்துக்கு அருகிலுள்ள தனி இடமாகவே பெத்தேலிலிருந்து பிரித்துச் சொல்கிறது. ஆனால் இஸ்ரவேலின் ராஜாவான யெரொபெயாம் பெத்தேலில் மக்கள் வணங்கப் பொன் கன்றுக்குட்டியை நிறுத்திய பின்னர் வந்த தீர்க்கதரிசி ஓசியா, தம் நூலின் 4:15-இலும் 10:5-இலும் பெத்தாவேன் என்னும்போது பெத்தேலையே சுட்டுகிறார் என்று கொள்வதே பொருத்தம். பெயரின் பின்பாதியை மட்டும் மாற்றி, ஒரு வழிபாடு முழுவதையும் அவர் கண்டித்த துணிவு வியக்கத்தக்கது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஆலயங்களுக்கும் வீடுகளுக்கும் விரும்பிச் சூட்டுவது யாக்கோபு தந்த பெயரையே.