செவன் கார்டு ஸ்டட் பழகுற ஆப்: மூணாவது சீட்டுக்கு சூப்பர், அதுக்கப்புறம் சுமார்

ஆப் பேரு இங்க போடப் போறதில்ல, கொறையும் சேர்த்து சொல்லப் போறேன், எதுக்கு வம்பு. செவன் கார்டு ஸ்டட்ங்கறது போக்கர் சீட்டாட்டத்துல ஒரு வகை, அதைப் பழகுறதுக்கான ஆப் இது, காசு வச்சு ஆடறது இல்ல. கம்ப்யூட்டரே ஏழு ஆளா உக்காரும், நீங்க எட்டாவது, ஒவ்வொரு சீட்டு விழும்போதும் ஆட்டத்தை நிறுத்தி தொடர்றீங்களா, இல்ல சீட்டைக் கவுத்துட்டு அந்த ஆட்டத்தை விட்டு வெளிய போறீங்களான்னு கேக்கும், நீங்க அமுக்கினதும் சரியா தப்பான்னு ஒரு சதவீதம் காட்டும். அவ்வளவுதான் மொத்த ஆப்பும். ஆனா ஸ்டட் ஆட்டமே அந்த ஒரு கேள்வியிலதான இருக்கு.

போக்கர்ல ஹோல்டெம்ங்கற வகை மட்டும் தெரிஞ்சவங்களுக்காக சொல்றேன், இதுல நடுவுல பொதுச் சீட்டு கெடையாது. ரெண்டு கவுத்து ஒண்ணு தெறந்து வரும், அப்புறம் வரிசையா மூணு தெறந்து, ஏழாவது மறுபடி கவுத்து. எட்டு பேரும் கடைசி வரைக்கும் நின்னா 56 சீட்டு வேணும், கட்டுல இருக்கறதே 52, அதாவது பாதிப் பேரு நடுவுல கவுத்துட்டுப் போவாங்கன்னு நம்பித்தான் இந்த ஆட்டத்தையே அமைச்சிருக்காங்க போல. இதை எங்க பெரியப்பாகிட்ட சொன்னா சிரிக்கிறாரு. தீபாவளி ராத்திரி அவருக்கு மூணு ஆட்டின் வந்துட்டா போதும், "கலர் வர்ற கையை எவன்டா கவுப்பான்"னு காசை வச்சுட்டே போவாரு. கலர்னா ஒரே ஜாதியில அஞ்சு சீட்டு.

அந்த மூணு ஆட்டின் கைக்குதான் இந்த ஆப்புக்கு காசு குடுக்கலாம். எதிர்ல என்ன கெடக்குன்னே பாக்காம கணக்கு போட்டா, மூணு ஒரே ஜாதி சீட்டு ஏழு சீட்டு முடியறதுக்குள்ள கலர் ஆகறது சுமாரா 18 சதவீதம். ஆனா ஸ்டட்ல எதிர்ல ஏழு பேரோட தெறந்த சீட்டு கண்ணு முன்னாடியே கெடக்கு. அதுல ஒரு ஆட்டின்கூட இல்லன்னா அதே கை கிட்டத்தட்ட 24 ஆகுது, மூணு ஆட்டின் அங்க கெடந்தா 12க்கு வந்துடுது. கையில சீட்டு மாறவே இல்ல, சான்ஸ் பாதியாயிடுச்சு! ஆப் இதை பக்கத்து பக்கத்துல வச்சு காட்டும்போதுதான் மண்டையில ஏறுது, தொடரலாமா வேணாமாங்கறது கையில இருக்கற சீட்டைவிட அடுத்தவன் முன்னாடி கெடக்கற சீட்டுலதான் இருக்குன்னு.

ஜோடிக்கும் அப்படித்தான். கவுத்த சீட்டு ரெண்டும் பத்து, வெளிய ராணி, பாக்க நல்ல கை. எதிர்ல ஏஸ் காட்டிட்டு ஒருத்தன் பந்தயத்தை ஏத்துறான், மீதி ரெண்டு பத்தும் வேற ரெண்டு பேருகிட்ட தெறந்து கெடக்கு. அந்த ஜோடி இனிமே மூணாவே ஆகாது, ஆப் செவப்பு காட்டும், நியாயம். அதே ரெண்டு பத்தும் வெளிய வரலன்னா பச்சைக்குப் பக்கத்துல வரும். 8, 9, 10 வச்சுக்கிட்டு வரிசை சேரும்னு இருக்கும்போது, 7ம் ஜாக்கியும் எத்தனை செத்துப் போச்சுன்னு, அதாவது அடுத்தவங்ககிட்ட தெறந்து போயிடுச்சுன்னு பாக்காம உள்ள போனாலும் செவப்புதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச செட்டிங் ஒண்ணு இருக்கு, கவுத்தவங்களோட சீட்டை திரையிலேர்ந்து மறைச்சுடும். நெஜ மேசையில அப்படித்தான், ஒருத்தன் கவுத்துட்டான்னா அவன் சீட்டு போயிடும், நீங்கதான் ஞாபகம் வச்சுக்கணும். சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில்ல, ஈஸ்ட் வெஸ்ட் லைன்ல நின்னுக்கிட்டே வர்றப்ப இதை ஆன் பண்ணி ஆடிப் பாருங்க, தூக்கமே வராது.

இப்ப கொறை. நாலாவது சீட்டு வரைக்கும் ஓகே, அஞ்சாவதுல ஆப் சொதப்புது. ஃபிக்ஸட் லிமிட்ல, அதாவது பந்தயத் தொகை முன்னாடியே முடிவான ஆட்டத்துல, அஞ்சாவது சீட்டுலதான் பந்தயம் டபுள் ஆகும், அங்க நின்னா ஆறாவதுக்கும் கட்டுவீங்க, ஏழாவதுக்கும் கட்டுவீங்க, அதனால வெளிய போறதுக்கு நல்ல கடைசி கதவு அதுதான். நாலு ஆட்டின் வச்சுக்கிட்டு இன்னும் ரெண்டு சீட்டு பாக்கின்னா 35 சதவீதம், ஒரு சீட்டுதான் பாக்கின்னா 20க்குக் கொஞ்சம் கம்மி. இந்த நம்பரை ஆப் சரியாத்தான் காட்டுது, ஆனா நடுவுல எவ்வளவு காசு கெடக்கு, இன்னும் எவ்வளவு கட்டணும்னு சேர்த்துப் பாக்கறதே இல்ல. வெறும் சதவீதத்தை வச்சு என்ன பண்ண? 35ங்கறது பெரிய பானைக்கு (நடுவுல சேர்ந்த பந்தயக் காசைத்தான் பானைங்கறேன்) நல்ல விலை, எதிர்ல ஒருத்தன் தெறந்த ஜோடியோட உக்காந்திருக்கான், பானையில சில்லறைதான் இருக்குன்னா அது தண்டம்.

இன்னொண்ணு, கம்ப்யூட்டர் ஆளுங்க கவுக்கவே மாட்டேங்கறாங்க, எல்லாரும் பெரியப்பாவாவே இருக்காங்க. அதனால ஏஸ் தெறந்து வச்சு ஏத்தி மத்தவங்களை பயமுறுத்தற வித்தையெல்லாம் இதுல பழக முடியாது. விளம்பரமும் ஓவர், கை நடுவுல வந்து நிக்குது, அதுக்குள்ள எது செத்த சீட்டுன்னு மறந்தே போயிடும்.

நம்ம ஊருல இதை எங்க ஆடறதுன்னு கேப்பீங்க. கசினோவுக்குப் போகணும்னா சிங்கப்பூரர், பிஆர் (நிரந்தரவாசி) ரெண்டு பேருக்கும் உள்ள நுழையவே ஒரு நாளைக்கு 150 வெள்ளி, 2019லேர்ந்து இந்த ரேட்டு, ஸ்டட் பழகறதுக்கு அது கட்டுபடியாகாது. வீட்டுல குடும்பம், ஃபிரெண்ட்ஸோட ஆடறது 2022ல வந்த சூதாட்டச் சட்டத்துல ஓகே, யாரும் அதுல கமிஷன் அடிக்கக் கூடாது. அதே ஃபிரெண்ட்ஸோட ஆன்லைன்ல காசு வச்சு ஆடினா சட்டம் விடாது, அதனால ஆப்னு சொன்னா இந்த மாதிரி காசில்லாத ஆப்தான்.

காசு கட்டலாமான்னா, ஸ்டட்டுக்குப் புதுசா இருந்தா கட்டலாம், சீட்டை மறைக்கிற செட்டிங் ஃப்ரீயில வராது. ஏற்கெனவே ஆடறவங்க ஃப்ரீயிலயே மூணாவது சீட்டு பயிற்சியை மட்டும் போட்டுட்டு விட்டுடுங்க. நான் அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். உள்ள ஹை-லோவும் (பெரிய கையும் சின்ன கையும் பானையைப் பிரிச்சுக்கற வகை) இருக்கு, அதை நான் தொடல, அதுக்கு மார்க் போடல.