விளையாட்டு விவாத நிகழ்ச்சிகள்: கொழும்பிலிருந்து பார்த்தால் எது தாக்குப்பிடிக்கிறது?

அமெரிக்க விளையாட்டு விவாத நிகழ்ச்சிகளைக் கொழும்பில் இருந்து பார்ப்பவர்களுக்கு முதல் சோதனை நேரம்தான். அங்கே திங்கள் இரவு 8.30க்குத் தொடங்கும் என்பிஏ கூடைப்பந்து ஆட்டம் இங்கே செவ்வாய் காலை 6 மணிக்கு. அதை அலசும் ‘ஃபர்ஸ்ட் டேக்’ அன்றிரவு 7.30க்கே வந்துவிடும். இன்னொரு விவாத நிகழ்ச்சியான ‘பார்டன் தி இன்டரப்ஷன்’, சுருக்கமாக பிடிஐ, புதன் அதிகாலை 3 மணிக்குத்தான் போகும். நாம் எழும்பிக் கேட்கும்போது அந்த ஆட்டம் முடிந்து ஒரு நாள் ஆகியிருக்கும், அடுத்த ஆட்டங்களும் தொடங்கியிருக்கும். பேச்சு இவ்வளவு ஆறிப்போன பிறகும் காதைக் கொடுக்கத் தோன்றுகிறதா? பல வருடப் பழக்கத்தில் எனக்கு அதுதான் அளவுகோல். அதில் தேறுவது பிடிஐ மட்டும்.

பிடிஐ 2001 ஒக்டோபரில் ஈஎஸ்பிஎன் விளையாட்டு அலைவரிசையில் தொடங்கிய நிகழ்ச்சி. அதை நடத்தும் டோனி கோர்ன்ஹைசர், மைக்கேல் வில்போன் இருவரும் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் பத்தி எழுதியவர்கள்; தொலைக்காட்சிக்கு வருவதற்கு முன்பே ஒருவரோடு ஒருவர் சண்டை பிடித்துப் பழகியவர்கள். அரை மணி நேரம், விளம்பரம் போக ஏறத்தாழ 22 நிமிடம். திரையின் ஓரத்தில் அன்றைய தலைப்புகள் வரிசையாக நிற்கும், பக்கத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும். நேரம் முடிந்தால் மணி அடிக்கும், பேச்சு அடுத்த தலைப்புக்குப் போய்விடும். பார்க்க எளிமையான ஏற்பாடுதான். ஆனால் பேசுபவர் தன் வலுவான வாதத்தை முதல் வரியிலேயே வைத்தாக வேண்டும் என்ற நெருக்கடி அதனால்தான் வருகிறது. கடைசியில், அன்று தவறாகச் சொன்ன விவரங்களைத் திருத்தும் பகுதியும் நீண்ட காலம் இருந்தது. பிழையை அன்றைக்கே ஒத்துக்கொள்ளும் விவாத நிகழ்ச்சி வேறு எத்தனை இருக்கிறது?

‘அரவுண்ட் தி ஹோர்ன்’ அடுத்த ஆண்டு, 2002 நவம்பரில் வந்தது. நான்கு ஊர்களில் இருந்து நான்கு பத்திரிகையாளர்கள்; 2004 முதல் நடத்துநராக இருந்த டோனி ரியாலி புள்ளி கொடுப்பார், குறைப்பார், பிடிக்காவிட்டால் ஒலியையே நிறுத்துவார். கடைசியில் மிஞ்சுகிறவருக்குச் சில நொடிகள் தனியாகப் பேசக் கிடைக்கும். 2025 மே 23ஆம் திகதியோடு நிறுத்திவிட்டார்கள். பிற்காலத்தில் அதன் தொனி நன்றாகவே கனிந்திருந்தது, புதிய முகங்களும் வந்தார்கள். நிறுத்தியது இழப்புதான். ஆனாலும் நான்கு பேருக்கு 20 நிமிடத்தைப் பங்கிட்டால் ஒரு வாதமும் இரண்டாவது சுற்றுக்குப் போகாது. மறுப்புக்கு மறுப்பு வராத இடத்தில் புள்ளிக்கு என்ன வேலை?

‘ஃபர்ஸ்ட் டேக்’கில் சிக்கல் நேர்மாறு. இரண்டு மணி நேரத்தை நிரப்ப வேண்டும். பருவம் எதுவானாலும் அமெரிக்கக் கால்பந்து அணியான டல்லஸ் கவ்போய்ஸும் கூடைப்பந்து நட்சத்திரம் லெப்ரோன் ஜேம்ஸும் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். அதன் முதன்மைப் பேச்சாளர் ஸ்டீபன் ஏ. ஸ்மித்தின் குரலும் நிறுத்தி நிறுத்திப் பேசும் விதமும் தனித் திறமை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எதிரே உட்கார்ந்து வாதாடிய ஸ்கிப் பேலஸ் 2016இல் வேறு அலைவரிசைக்குப் போன பிறகு அவருக்குச் சரிக்குச் சரி நிலையாக நிற்கிற ஆள் அமையவில்லை. பேலஸ் போன இடத்திலும் அதே கதை. அங்கே ‘அன்டிஸ்பியூட்டட்’ நிகழ்ச்சியில் அவரோடு மல்லுக்கட்டிய ஷானன் ஷார்ப் 2023இல் விலகினார், மாற்றி மாற்றி ஆட்களைப் போட்டுப் பார்த்தார்கள், 2024 ஓகஸ்டில் கடையை மூடிவிட்டார்கள். தலைப்பை நாள்தோறும் மாற்றலாம். எதிரே உட்காருபவரை மாற்றினால் முந்தைய சண்டையின் கணக்கு அறுந்துபோகிறது. போன மாதம் நீ என்ன சொன்னாய் என்று கேட்க ஆள் இருக்காது.

முன்பு இந்த நிகழ்ச்சிகளைத் தேடிப் பார்த்ததற்குக் காரணம், ஆட்டத்தைப் பற்றி நாலு பேர் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய வேறு வழி குறைவு. இப்போது அந்தப் பசி ஆட்டம் முடிவதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 2023 செப்டம்பர் 17, கொழும்பு கெத்தாராமை மைதானத்தில் ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டி. இந்தியாவின் சிராஜ் ஒரே ஓவரில் நான்கு விக்கெட் எடுத்தார், இலங்கை 15.2 ஓவரில் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இந்தியா 6.1 ஓவரில் முடித்துவிட்டது. துடுப்பாட்ட வரிசை, ஆடுகளம், தெரிவுக்குழு எல்லாவற்றையும் வட்சப்பில் அன்றிரவே பிரித்து மேய்ந்தாகிவிட்டது. மறுநாள் ஒரு குழு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதையே சொன்னால் யாருக்கு வேண்டும்? கருத்து எங்கும் கிடைக்கிறது. கருத்துச் சொல்லும் இரண்டு பேரின் நீண்ட காலப் பழக்கம் அப்படிக் கிடைப்பதில்லை.

கேட்கும் முறை. பிடிஐயை ஒலிவடிவில், பொட்காஸ்டாகக் கேளுங்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பிதான். ஒரு நிகழ்ச்சிக்கு 20, 25 எம்பிக்குள் அடங்கும். செயலியில் தானியங்கித் தரவிறக்கத்தை வைஃபைக்கு மட்டும் என்று வைத்து, கடைசி இரண்டை மட்டும் சேமிக்கச் சொல்லுங்கள். காலையில் எதுவும் இறங்காமல் இருந்தால் பெரும்பாலும் காரணம் போனின் பற்றரிச் சேமிப்பு அமைப்பு: இரவில் அது செயலியை உறங்க வைத்துவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் போதும். காலை நெரிசலில் வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறினால் கோட்டை வருவதற்குள் ஒன்று முடிந்துவிடும். திரையின் தலைப்பு வரிசை போய்விடுவது நட்டம்தான், ஆனால் மணிச்சத்தம் கேட்கும். வேகத்தைக் கூட்டாதீர்கள், இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுவார்கள், 1.5இல் ஒன்றும் பிடிபடாது.

‘ஃபர்ஸ்ட் டேக்’கை முழுதாகப் பார்க்க வேண்டாம். யூடியூபில் துண்டுகளாகக் கிடைக்கிறது. இரு தரப்பு வாதமும் பெரும்பாலும் முதல் மூன்று நிமிடத்துக்குள் வந்துவிடும், மிச்சம் அதையே உரக்கச் சொல்வது. தானாக அடுத்ததுக்குத் தாவும் வசதியை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் அந்தத் துண்டைப் பார்த்து வேறொருவர் கத்தும் காணொளிக்கு இழுத்துக்கொண்டு போகும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செப்டம்பரில், என்எஃப்எல் எனும் அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தோடு தொடங்குவது நல்லது. கோடையில் பிடிஐயின் இருவரும் விடுமுறை எடுப்பார்கள், பதிலுக்கு வேறு ஆட்கள் வருவார்கள். அதைக் கேட்டுவிட்டு நிகழ்ச்சியை எடைபோட வேண்டாம். நவம்பர் முதல் ஞாயிறில் அமெரிக்கக் கடிகாரம் மாறும். அதன் பிறகு மார்ச் வரை மேலே சொன்ன இலங்கை நேரம் எல்லாவற்றோடும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.