வார்ப்பிரும்பு புல்லட் எஞ்சினைப் பிரிக்க எந்த மேனுவல்?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வீட்டுக் கொட்டகையில் வருடக்கணக்கில் நின்றுபோன, வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் 350-களுக்குக் குறைவில்லை. அதன் எஞ்சினைப் பிரிக்க மூன்று வகைப் புத்தகம் கையில் சிக்கும்: இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த மூலத் தொழிற்சாலை மேனுவலின் ஜெராக்ஸ், சென்னை திருவொற்றியூரில் புல்லட் செய்த கம்பெனியின் சர்வீஸ் மேனுவல், வெளியார் எழுதிய படப் புத்தகம். 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சி.சி. என்ற கணக்கு பல பத்தாண்டுகள் மாறவில்லை. அதனால் எந்தப் புத்தகமும் எந்த வண்டிக்கும் சரி என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

முதலில் டைமிங், அதாவது பிளக் எப்போது பொறி விட வேண்டும் என்று சொல்லும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமல் பொறி தரும் கருவி) வைத்த பழைய பிரிட்டிஷ் மாடலுக்கு முழு அட்வான்ஸில், அதாவது பொறி மிக முன்னதாக வரும் நிலையில் அளவு சொல்லியிருப்பார்கள். இங்கே ஓடிய பேட்டரி-காயில் பாயிண்ட் மாடலுக்கோ (பாயிண்ட் என்பது திறக்கும்போது பொறி வரவைக்கும் சின்ன சுவிட்ச்) முழு ரிட்டார்டில், அதாவது பொறி மிகத் தாமதமாக வரும் நிலையில், பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். முழு அட்வான்ஸ் எண்ணைப் பாயிண்ட் மாடலின் முழு ரிட்டார்டில் வைத்தால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். வரிசையும் முக்கியம்: பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்த பிறகே டைமிங். பிறகு இடைவெளியைக் கூட்டினால் பாயிண்ட் முன்னதாகத் திறந்து டைமிங் நகர்ந்துவிடும். இந்த வரிசையைச் சொல்லாத புத்தகத்தை வாங்கவே வேண்டாம்.

அடுத்து எஞ்சினின் டைமிங் புறத்து மூடிக்குள், கிராங்க் முனையில் இருந்து எண்ணெய் பம்பை ஓட்டும் வார்ம் நட்டு. அது இடது மரை, கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும். தெரியாமல் வழக்கமான பக்கம் திருப்பி, ஸ்பேனரில் நீளமான பைப்பும் போட்டால் கிராங்க் முனையே போய்விடும். நல்ல மேனுவல் இதைத் தனிக் கட்டம் போட்டு எச்சரிக்கும். மூடியில் உட்காரும் சின்ன கார்க் சீலைப் பற்றியும் பேசும். கிராங்குக்குள் எண்ணெய் போகும் வழி அதுதான். பழைய கார்க்கையே திரும்பப் போட்டால் எண்ணெய் ஓரமாகக் கசிந்து, பிக் எண்டில் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் முனை) சுழலும் மிதவை புஷ் காய்ந்து தேயும். வண்டி சில நாள் நன்றாகத்தான் ஓடும், பிறகுதான் தட்டும்.

ரெட்டிச் புத்தகத்தின் பலம் தேய்மான எல்லைகள். எதை மாற்ற வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அது துணிந்து சொல்கிறது. பலவீனம், அளவெல்லாம் அங்குலத்தில் இருப்பது. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மி.மீ. ஜெராக்ஸில் புள்ளி அழிந்து .015 என்பது 015 ஆகிவிடும், 3 எது 8 எது என்று தெரியாது. ஓர் எண்ணை இரண்டு இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்காமல் லேத்துக்குச் சொல்லக் கூடாது. பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கு ஓர் எளிய சோதனை உண்டு. அங்குல விட்டத்துக்கு 4 தௌ என்ற பொது விதிப்படி 70 மி.மீ. போருக்கு சுமார் 11 தௌ, அதாவது 0.28 மி.மீ. வரும். புத்தகம் இதிலிருந்து ரொம்பத் தள்ளிச் சொன்னால் அச்சைச் சந்தேகியுங்கள்.

படப் புத்தகங்கள் கழற்றுவதற்கு அருமை, மாட்டும்போது கை விரிக்கும். "கழற்றியதைத் தலைகீழாகச் செய்க" என்று முடித்துவிடுவார்கள். வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் செட்டிங் அப்படி வராது. எஞ்சின் குளிர்ந்திருக்க, கம்ப்ரஷன் உச்சியில், புஷ் ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் அங்கே தேவையே இல்லை.

மேனுவலை மட்டும் நம்ப முடியாத ஒன்று, துருப்பிடித்த சிலிண்டர் போர். நின்ற வண்டியில் துரு குழி விழுந்திருந்தால் 20 தௌ எடுத்தும் குழி தெரியலாம். சுத்தமாக எவ்வளவு எடுக்க வேண்டும் என்று லேத்தில் அளந்து கேட்டுவிட்டு, அந்த அளவு பிஸ்டனை வாங்கி, பிஸ்டனைக் கையில் கொடுத்த பிறகே போர் அடிக்கச் சொல்லுங்கள். மதுரையோ திருச்சியோ, எங்கே கொடுத்தாலும் இதே முறைதான்.

ஆக வாங்க வேண்டியது இரண்டு: உங்கள் எஞ்சின் எண்ணுக்கும் வருடத்துக்கும் பொருந்தும் கம்பெனி சர்வீஸ் மேனுவல், அதே வருடத்து பார்ட்ஸ் கேட்டலாக். வாஷர் எந்தப் பக்கம், ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) எத்தனை என்பதற்கு மேனுவலைவிடக் கேட்டலாகின் பிரித்த படமே உதவும். அந்தப் பக்கங்களை மட்டும் ஏ3 தாளில் அடித்து லேமினேட் செய்து சுவரில் மாட்டுங்கள். போனில் பெரிதாக்கிப் பார்த்தால் கிரீஸ் விரல் பட்டுத் திரை நகரும். எஞ்சினை முதன்முறை உதைக்கும் முன் ஃபில்டர் கூட்டில் எண்ணெய் நிரப்பச் சொல்லும் பக்கத்தையும் அதோடு சேர்த்து மாட்டிவிடுங்கள்.