மல்மல் வாங்கும்போது பாவு நூலையும் எரித்துப் பாருங்கள்

மும்பையில் நைட்டி, பைஜாமா தைக்க மெல்லிய காட்டன் தேடுகிற நம்மவர்களுக்காக எழுதுகிறேன். போன மாதம் மங்கள்தாஸ் மார்க்கெட்டில் ஒரு கடையில் மல்மல் (மிக மெல்லிய, மிருதுவான காட்டன் துணி) என்று நம்பி 6 மீட்டர் வாங்கினேன். 1,320 ரூபாயும் போயிற்று, மூன்று ராத்திரி வேலையும் போயிற்று. அந்த மார்க்கெட்டில் நேர்மையான கடைகள் நிறைய உண்டு, பல வருடமாக அங்கேதான் வாங்குகிறேன். இது ஒரு கடையின் வேலை.

அம்மாவும் பெரியம்மாவும் காசிக்குக் கிளம்ப இருந்தார்கள். பெரியம்மாவுக்கு வேர்க்குரு உடம்பு, காட்டன் இல்லாத எது பட்டாலும் கழுத்து சிவந்துவிடும். கடையில் விற்கிற நைட்டி பையில் பாதி இடத்தை அடைக்கிறது. அதனால் ஆளுக்கு 3 மீட்டரில் நானே தைப்பது என்று முடிவு செய்தேன். நைட்டியின் பக்கவாட்டில் ஒரு பாக்கெட் வைத்துத் தைத்தால், மொத்த நைட்டியையும் மடித்து அந்தப் பாக்கெட்டுக்குள்ளேயே திணித்துவிடலாம், ஒரு பொட்டலம் அளவுதான் இருக்கும்.

கடைக்காரரிடம் எடை கூடாது, சுருக்கம் விழக்கூடாது, சுத்தக் காட்டனாக இருக்க வேண்டும் என்றேன். இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. துணியைக் கைக்குள் கசக்கிவிட்டு விரித்துக் காட்டினார். சுருக்கமே இல்லை, எனக்கு ஒரே சந்தோஷம். அசல் மல்மல் கசக்கினால் கசங்கும். அது அதன் குணம்.

சந்தேகம் வரக்கூடாது என்று லைட்டரையும் எடுத்தார். வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பற்றவைத்தார். காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. "ப்யூர் காட்டன் ஹை, மேடம்." மீட்டர் 220 ரூபாய் என்று பேசி முடித்தேன்.

வெட்டிய ஓரத்தில் சட்டென்று உருவ வருவது குறுக்கே ஓடும் ஊடை நூல் மட்டும்தான். நீளவாக்கில் ஓடும் பாவு நூலை அவர் தொடவே இல்லை. அது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

மெல்லிய துணியில் ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் நூல் சுற்றும் தையல்) போட்டால் தையல் தடித்து உறுத்தும் என்று பிரெஞ்சு தையல் போட்டேன். முதலில் நல்ல பக்கம் வெளியே தெரிய ஒரு தையல், ஓரத்தை நறுக்கி, திருப்பி, உள்ளே இன்னொரு தையல். நடுவில் இஸ்திரி போட்டால்தான் தையல் படியும். பெட்டியைக் காட்டன் சூட்டில் வைத்துத் தோள்பட்டையில் வைத்தேன். துணி பளபளவென்று சுருண்டு பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் ஒரு எவர்சில்வர் தட்டின் மேல் இடுக்கியில் பிடித்து, பாவையும் ஊடையையும் தனித்தனியாக எரித்தேன். ஊடை சாம்பலானது. பாவு நூல் நெருப்பைக் கண்டதும் பின்வாங்கிச் சுருங்கி, கடுகு மாதிரி கருப்பாக உருண்டு இறுகிவிட்டது. நகத்தால் நசுக்கினேன், நசுங்கவில்லை. பாலியெஸ்டர்.

பாலியெஸ்டரை நான் குறை சொல்லவில்லை. சீக்கிரம் காய்கிறது என்று மலையேறுகிறவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. உறிஞ்ச வேண்டும் என்று கேட்டு வாங்கியவளிடம் அதைக் காட்டன் என்று தள்ளிவிடுவது மோசடி.

கடைக்குத் திரும்பப் போனேன். "வெட்டின துணியை எடுக்க மாட்டோம்" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. பில்லைக் காட்டினேன், அதில் வெறும் "துணி 6 மீ" என்றுதான் இருந்தது. கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. அவர்கள் கொடுத்தது கச்சா பில். நான் படித்துக்கூடப் பார்க்காமல் பையில் போட்டிருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கட்டணமும் கிடையாது. ஆனால் காட்டன் என்று சொல்லித்தான் விற்றார் என்பதற்கு என் கையில் ஒரு எழுத்து இல்லையே. தயவுசெய்து பில்லில் "100% காட்டன்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

முதலில் கால் மீட்டர் மட்டும் வாங்கி வீட்டில் சோதித்துவிட்டு மறுபடி போவது இன்னும் நல்லது. விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும்) நூலும் காகிதம் போலத்தான் எரியும், அதனால் ஒரு நூலை நனைத்தும் இழுத்துப் பாருங்கள். ஈரத்தில் விஸ்கோஸ் பலம் இழந்து சுலபமாக அறும், காட்டன் தாங்கும்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது பெரியப்பாவின் பழைய 8 முழ வேட்டிகள் இரண்டை எடுத்து வெட்டினேன். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன துணி. பெரியம்மா அதைப் போட்டுக்கொண்டுதான் காசி போய்வந்தார். கழுத்தில் ஒரு சிவப்பு இல்லை.

கடையில் ஏமாந்து வாங்கிய துணியில் மீதி 3 மீட்டர் என்னிடம் அப்படியே இருக்கிறது. மாட்டுங்கா, சயான் பக்கம் யாராவது நேரில் பார்க்க விரும்பினால் சொல்லுங்கள். கொண்டுவந்து இரண்டு நூலையும் எரித்துக் காட்டுகிறேன்.