களத்துல ஏழு இரும்பு சட்டம், குடோன்ல மூணு வீடியோ: அஞ்சுக்கு மூணரை

காட்பாடி தாண்டி ஒரு பழைய ரைஸ் மில்லு. அதோட நெல்லு காயவைக்கிற களத்துல ஏழு இரும்பு சட்டத்த நட்டு வச்சி, அந்த சட்டங்கள வச்சே எடுத்த மூணு வீடியோவ குடோனுக்குள்ள ஓட்டிகினு இருக்காங்க. டிக்கெட் நூறு ரூபா. வேலூர்ல இந்த மாதிரி ஒரு கலைக் கண்காட்சி வர்றதே பெருசுப்பான்னு சொல்லி அஞ்சு ஸ்டார் குத்திட்டு போயிடலாம்தான், ஆனா ரெண்டு வீடியோ நெஜமாவே நல்லா இருக்கு, மூணாவது வந்து அந்த ரெண்டையும் கெடுக்குது, அதனாலதான் இவ்ளோ எழுதறேன்.

மொதல்ல சட்டத்த சொல்லிடறேன். சாதா ஸ்கொயர் பைப், பட்டறைல வெல்டு வச்சி ரெட் ஆக்சைடு மட்டும் அடிச்சிருக்காங்க, மேல பெயிண்ட் இல்ல, அதுவே நல்லா இருக்கு. கிட்ட இருக்கறது சின்னது, தூரம் போகப்போக பெருசு. ரெண்டு மடங்கு தூரத்துல இருக்கற சட்டம் ரெண்டு மடங்கு பெருசா இருந்தா நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒரே சைஸ்தான, அந்த கணக்குதான் முழுக்க. தரைல சுண்ணாம்புல ஒரு வட்டம் போட்டிருக்காங்க, அதுல நின்னு ஒரு கண்ண மூடுனா ஏழும் ஒண்ணுமேல ஒண்ணு படிஞ்சி ஒரே சதுரம் ஆயிடும். ரெண்டு கண்ணயும் தொறந்தா பிச்சிகினு தனித்தனியா போயிடும், ஏன்னா ரெண்டு கண்ணுக்கும் நடுவுல 6 சென்டிமீட்டர் சொச்சம் இடைவெளி இருக்கு, ரெண்டும் ஒரே எடத்துல நின்னு பாக்க முடியாது. ஒயரம் வேற சரியா இருக்கணும். குள்ளமா இருக்கறவங்களுக்குன்னு ஒரு முக்காலி வச்சிருக்காங்க. நான் போனப்ப ஒரு வயசானம்மா ஒண்ணுமே தெரியலன்னு நின்னாங்க, அங்க இருந்த பையன் "ஆயா, இதுமேல ஏறி நில்லுங்க, நான் புடிச்சிக்கறேன்"னான், ஏறி ஒரு கண்ண மூடிட்டு "இன்னாடா, ஏழுன்னீங்க, ஒண்ணுதான் இருக்குது"ன்னாங்க பாருங்க. அந்தம்மா விமர்சனத்த விட நான் பெருசா ஒண்ணும் எழுதிடப் போறதில்ல.

இப்ப உள்ள போலாம். மொத ரூம்ல கேமராவ அந்த வட்டத்துலயே நட்டு வச்சி காலைலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் எடுத்தத சுருக்கி ஓட்டறாங்க. கேமராவுக்கு ஒத்தக் கண்ணு, அதனால அதுக்கு எப்பவுமே ஒரே சதுரம்தான், அசையவே அசையாது. ஆனா கீழ நெழலு ஏழா விழுது, நகருது, குறுகுது, மறுபடி நீளுது. நமக்கு ஒண்ணா தெரியறது சூரியனுக்கு ஒண்ணு இல்ல, அது வேற எடத்துல நின்னு பாக்குது, இத ஒரு வார்த்த பேசாம காட்டிட்டாங்க. கடைசில கேமராவ ஒரு சாண் நகத்தறாங்க, அவ்ளோதான், சதுரம் செதறிடுது. எனக்கு இங்கதான் காசு செரிச்சது.

இதுக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. நான்சி ஹோல்ட்னு ஒரு கலைஞர் அமெரிக்கால யூட்டா பாலைவனத்துல 1973லேர்ந்து 1976க்குள்ள ஆளு நடந்து போற மாதிரி நாலு கான்கிரீட் குழாய வச்சாங்க, ஒவ்வொண்ணும் 18 அடி நீளம், 9 அடி விட்டம், வருஷத்துல மிக நீளமான பகலும் மிகக் குட்டையான பகலும் வர்ற நாளுங்கள ஒட்டி சூரியன் உதிக்கறதும் மறையறதும் அந்த குழாய்க்குள்ள தெரியும். அத 1978ல அவங்களே 26 நிமிஷப் படமாவும் எடுத்தாங்க. அவ்ளோ தூரம் கூட போவேணாம், இங்க விரிஞ்சிபுரம் கோயில்லயே நேரம் காட்டற கல்லு இருக்கு, அரைவட்டத்துல எண்ணு செதுக்கி வச்சது, மேல இருக்கற பள்ளத்துல குச்சிய வச்சா நெழலு விழற எண்ணுதான் மணி. எல்லாரும் மதிலழகப் பாத்துட்டு அத பாக்காமயே வந்துடறாங்க, இந்த சட்டத்த நட்ட பசங்களும் இத்தன பக்கத்துல இருந்துகினு அத ஒரு ஷாட் கூட எடுக்கல, எனக்கு ஆச்சரியம்தான்.

ரெண்டாவது ரூம் எதிரெதிர் ரெண்டு செவுத்துல ரெண்டு படம். ரெண்டு பேரு ஆளுக்கொரு கேமராவோட ரெண்டு முனைலேர்ந்து ஒரே நேரத்துல சட்டங்களுக்குள்ள பூந்து நடந்து வர்றாங்க. ஒண்ண பாத்தா இன்னொண்ண முதுகு காட்டி விடணும், ரெண்டயும் பாக்க நம்மளே சுத்திகினு இருக்கணும், நடுவுல ஒரு எடத்துல ரெண்டு கேமராவும் ஒண்ண ஒண்ணு பாத்துக்குது. கழுத்து வலிக்கும், வலிக்கட்டும். சத்தமும் அருமை, காலடியும் தூரத்துல லாரி ஹாரனும் மட்டும்தான்.

மூணாவது ட்ரோன். கல்யாண வீடியோ மாதிரி மேலேர்ந்து சுத்தி சுத்தி, பின்னாடி வயலின். ஒரே செகண்டுல ஏழு சட்டம் எங்கெங்க இருக்குன்னு வரைபடமா போட்டு குடுத்துடுது, அப்புறம் கீழ நடந்து கண்டுபுடிக்க இன்னா இருக்கு? ஸ்ரீபுரம் தங்கக் கோயில்ல அந்த நட்சத்திர வடிவ நடைபாதை ஒண்ணே முக்கால் கிலோமீட்டருக்கு மேல இருக்கு, நடக்கற யாருக்கும் அது நட்சத்திரம்னு தெரியாது, திரும்பித் திரும்பி கால்ல வலியெடுக்கறதுதான் தெரியும், மேலேர்ந்து எடுத்த போட்டோவ மொதல்லயே பாத்தவனுக்கு அந்த திருப்பத்துல ஒண்ணும் மிச்சமில்ல. மேலேர்ந்து எடுக்கறதே தப்புன்னும் சொல்லல. ராபர்ட் ஸ்மித்சன்னு இன்னொரு கலைஞர் 1970ல அதே யூட்டால இருக்கற உப்பு ஏரில 1500 அடிக்கு கல்லும் மண்ணும் கொட்டி சுருள் போட்டு, அதுமேலயே ஓடறாரு, ஹெலிகாப்டர் அவரத் தொரத்தறத படமா எடுத்தாங்க, அங்க ஓடற ஆளு இருக்கறதால நமக்கு அளவு புடிபடுது. இங்க ஆளே இல்ல.

இன்னொரு கொற. மொத ரூம் ப்ரொஜெக்டர சாச்சி வச்சிட்டு கீஸ்டோன், அதான் படத்து கோணல நேராக்கற செட்டிங், அத சரி பண்ணல, படத்து மேல்பக்கம் அகலமா கீழ்ப்பக்கம் ஒடுங்கி தெரியுது. மத்த படத்துக்கு பரவால்ல, சதுரத்தப் பத்தின வீடியோல சதுரமே கோணலா இருந்தா எப்படி? சொன்னேன், "பாக்கறேண்ணா"ன்னாரு அந்த தம்பி.

சாயங்காலம் நாலரைக்கு மேல போங்க, மத்தியானம் இரும்பு மேல கை வச்சா பொசுக்கிடும், நெழலும் அப்பதான் நீளமா கெடைக்கும். குடோன்ல ரெண்டே ஃபேன், கொசு இருக்கு, ஒக்கார பெஞ்சு ஒண்ணுதான். கொழந்தைங்கள கூட்டினு போலாம், முக்காலிக்கு வரிசை நிக்கணும். மூணாவது ரூம கடைசியா வச்சிக்கோங்க, இல்லன்னா உட்டுடுங்க.