28 தொடர் தோல்விகளோடு ஒரு சீசன்: டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 2023-24, நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

82 ஆட்டம், 14 வெற்றி, 68 தோல்வி. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஆடும் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் வரலாற்றிலேயே இவ்வளவு மோசமான சீசன் வேறு கிடையாது. முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை ஜெயித்துவிட்டு, 2023 அக்டோபர் 30 தொடங்கி டிசம்பர் 28 வரை ஒன்றுகூட ஜெயிக்காமல் 28 ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்றார்கள்.

இந்த சீசனைத்தான் கன்னியாகுமரி மாவட்டத்தில் கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பவர்களும் பள்ளி, கல்லூரி அணிகளில் ஆடுபவர்களும் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று சொல்கிறோம். நம் பிள்ளைகள் தூரத்திலிருந்து எறிவதில் பேர்பெற்ற ஸ்டீபன் கர்ரி பந்தெறிவதைப் பார்த்துவிட்டு மைதானத்துக்கு வந்து அதையே செய்யப் பார்க்கிறார்கள். அது வராது. ஜெயிக்கிற அணியில் தவறை திறமை மூடிவிடும். தோற்கிற அணியில் அது அப்படியே வெளியே தெரியும், அடுத்த ஆட்டத்திலும் அதே இடத்தில் வரும். தோல்விக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பழகுவதற்கு இந்த சீசனைப்போல வாகான பாடம் கிடைப்பது கஷ்டம்.

முதலில், வரும் சீசன்களை நேரலையில் பார்க்க நினைப்பவர்களுக்கு நேரக் கணக்கு. டெட்ராய்ட்டில் மாலை 7 மணி ஆட்டம் என்றால், அக்டோபரில் நமக்கு அதிகாலை 4.30. நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள்; அதன்பிறகு 5.30. மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் மறுபடி 4.30. மேற்குக் கடற்கரைப் பயணங்களில் அங்கே இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், குளிர்கால மாதங்களில் நமக்குக் காலை 8.30. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கும், திருவனந்தபுரத்துக்குக் காலை ரயில் பிடிக்கிறவர்களுக்கும் நேரலை ஒத்துவராது. என்பிஏ ஆட்டங்களைப் பார்க்கும் சந்தாச் சேவையான லீக் பாஸில் ஸ்கோரை மறைக்கும் அமைப்பு இருக்கிறது. அதை முதல் நாளே போட்டுவிட்டு, மாலையில் மறு ஒளிபரப்பு பார்ப்பதே நடைமுறைக்கு உகந்தது. கைப்பேசி அறிவிப்புகளையும் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் காலை ஏழு மணிக்கே முடிவு தெரிந்துவிடும்.

அந்த 28 தோல்விகளும் விழுந்தது நம்மூர் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். மழை மாதங்களில் மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும். பெரிய இன்வெர்ட்டர் வேண்டியதில்லை; ரவுட்டரின் அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருந்தால், அதே வோல்ட்டில் வரும் மினி யுபிஎஸ் போதும். ஆம்பியரையும் சரிபார்த்து வாங்க வேண்டும். ஃபைபர் இணைப்பு வீட்டில் தனிப் பெட்டியாக இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும், ரவுட்டருக்கு மட்டும் கொடுத்து பயனில்லை. பலரும் தடுக்கி விழும் இடம் இது.

சந்தாவே இல்லாமலும் பாதி வேலை நடக்கும். என்பிஏ தளத்தின் புள்ளிவிவரப் பக்கத்தில் ஆட்டத்தின் எண் அட்டவணையான பாக்ஸ் ஸ்கோரைத் திறந்து, ஒரு வீரரின் டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) எண்ணிக்கையை அழுத்தினால் அந்த டர்ன்ஓவர்களின் துண்டுக் காட்சிகள் வரிசையாக வரும். பயிற்சியாளருக்கு இது பொன். ஹைலைட்ஸ் மட்டும் பார்ப்பது கூடாது. அதில் தோற்ற அணியும் பந்தை வளையத்துக்குள் அமுக்கி டங்க் அடித்துக்கொண்டே இருக்கும். எப்படித் தோற்றது என்பதே விளங்காது.

பார்க்கும்போது கையில் ஒரு தாளும் நான்கு எண்களும் வேண்டும். கூடைப்பந்து புள்ளியியலாளர் டீன் ஆலிவர் வகுத்த நான்கு காரணிகள் இவை. முதலாவது எறிதல் திறன்: உள்ளே போன மொத்த ஷாட்டோடு, உள்ளே போன த்ரீ பாயின்டில் (கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) பாதியைக் கூட்டி, எடுத்த மொத்த ஷாட்டால் வகுக்க வேண்டும். இரண்டாவது டர்ன்ஓவர் வீதம்: எடுத்த ஷாட், எடுத்த ஃப்ரீ த்ரோவை (எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் தடுப்பில்லாத எறிதல்) 0.44-ஆல் பெருக்கியது, டர்ன்ஓவர் மூன்றையும் கூட்டி, அதால் டர்ன்ஓவரை வகுப்பது. மூன்றாவது, ரீபவுண்ட், அதாவது தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது: நமது தாக்குதல் ரீபவுண்டையும் எதிரணியின் தடுப்பு ரீபவுண்டையும் கூட்டி, அதால் நமது தாக்குதல் ரீபவுண்டை வகுப்பது. நான்காவது ஃப்ரீ த்ரோ. ஆலிவர் இவற்றுக்குக் கொடுத்த எடை முறையே 40, 25, 20, 15 சதவீதம். இரு அணிக்கும் இதைப் போட்டுப் பார்த்தால், மொத்தப் புள்ளியைப் பார்த்துப் புலம்ப வேண்டிய தேவையே இருக்காது.

பிஸ்டன்ஸுக்கு இதைப் போட்டால் முதல் இரண்டு வரியிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

எறிதலை எடுத்துக்கொள்வோம். சீசன் தொடக்கத்தில் களமிறங்கிய ஐவர்: கேட் கன்னிங்ஹாம், கிலியன் ஹேய்ஸ், அவ்சார் தாம்சன், ஐசையா ஸ்டூவர்ட், ஜேலன் டுரன். இதில் தாம்சன் தடுப்பாட்டத்திலும் ரீபவுண்டிலும் புதுமுகங்களில் அபூர்வம். ஆனால் தூரத்திலிருந்து எறியத் தெரியாது, அந்த சீசனில் அவரது த்ரீ பாயின்ட் 20 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஹேய்ஸை யாரும் வெளியே போய்க் காவல் காக்கவில்லை. டுரன் வளையத்தடியில் ஆடுபவர். ஆகவே கன்னிங்ஹாம் பந்தோடு உள்ளே நுழையும்போது, தன் ஆளையும் டுரனின் ஆளையும் தாண்டி, தாம்சனை விட்டுவிட்டு பெயிண்டுக்குள் (வளையத்தடியில் கோடு போட்ட பகுதி) நிற்கும் மூன்றாவது ஆளையும் சந்திக்க வேண்டியிருந்தது. அங்கிருந்து வெளியே அடித்த பாஸ் எறியத் தெரியாதவர் கைக்குப் போகும், அல்லது நடுவிலேயே பறிபோகும். டர்ன்ஓவர் அதிகமானதற்கு கன்னிங்ஹாமின் கை மட்டும் காரணமல்ல, அவருக்கு இடமே விடப்படவில்லை.

இங்கே நம் பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. என்பிஏவில் தடுப்பாட்டக்காரர் யாரையும் நெருக்கமாகக் காக்காமல் பெயிண்டுக்குள் மூன்று நொடிக்குமேல் நிற்கக் கூடாது. நம் மாவட்டப் போட்டிகள் நடக்கும், உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதியில் அந்தத் தடை கிடையாது. அங்கேயே எறியத் தெரியாத இருவரைச் சேர்த்து நிறுத்தினால் இவ்வளவு அடைப்பு என்றால், நம்மூரில் எதிரணியின் நெடியவர் வளையத்தடியிலேயே குடியிருக்கலாம். எறியத் தெரியாத ஒருவரை மூலையில் நிறுத்தி வைப்பது பயனற்றது. அவரை வளையத்தின் பக்கவாட்டில், எண்ட்லைனை ஒட்டிய இடத்தில் நிறுத்தி, பந்து உள்ளே வரும்போது வெட்டி ஓடச் சொல்ல வேண்டும். அல்லது பந்து வைத்திருப்பவருக்கு ஸ்கிரீன் போடும் (அவரைக் காப்பவரின் வழியை மறித்து நிற்கும்) வேலையை அவரிடமே கொடுக்க வேண்டும். தாம்சனை அப்படிப் பயன்படுத்திய ஆட்டங்களில் அணி எவ்வளவு நன்றாக மூச்சுவிட்டது என்பதைத் தனியாக எடுத்துப் பார்க்கலாம்.

எண்களை நம் ஆட்டத்தோடு ஒப்பிடும்போது என்பிஏவின் 48 நிமிடத்துக்கும் நம் 40 நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மறக்கக் கூடாது. அங்கே 15 டர்ன்ஓவர் என்பது இங்கே 12.5. த்ரீ பாயின்ட் கோடு அங்கே 7.24 மீட்டர், ஃபிபாவில் 6.75. திறந்தவெளி சிமென்ட் களங்களில் இன்னொன்றும் உண்டு: ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கத்து மைதானங்களில் த்ரீ பாயின்ட் சதவீதத்தை வைத்து ஒரு பிள்ளையை எடைபோடுவது அநியாயம்.

அடுத்தது ஆளை மாற்றுகிற விதம். பயிற்சியாளர் மான்டி வில்லியம்ஸ் ஆறு வருடத்துக்கு 78.5 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் வந்தவர். அவர்மேல் திரும்பத் திரும்ப வந்த விமர்சனம், தொடக்க வீரர்களை மொத்தமாக உட்காரவைத்து பெஞ்சில் இருந்த ஐவரையும் ஒன்றாக இறக்குவது. இரண்டாவது, நான்காவது குவார்ட்டர்களின் தொடக்கத்தில் இதைப் பார்க்கலாம். ஆட்டத்தில் நடந்ததை நிமிடவாரியாகத் தரும் ப்ளே-பை-ப்ளே பக்கத்தில் கன்னிங்ஹாம் வெளியே போன நிமிடத்தையும் திரும்பி வந்த நிமிடத்தையும் குறித்துக்கொண்டு, இடையில் ஸ்கோர் எங்கே போனது என்று பாருங்கள். பல ஆட்டங்கள் அந்த நாலைந்து நிமிடத்தில்தான் கைநழுவின. போயன் போக்டனோவிச்சும் மான்ட்டி மாரிஸும் காயத்தால் ஆரம்ப வாரங்களில் ஆடவில்லை என்பது உண்மை; பெஞ்ச் மெலிந்திருந்தது. மெலிந்த பெஞ்சை மொத்தமாக இறக்கினால் மெலிவுதான் களத்தில் நிற்கும். பள்ளி அணிக்கும் இதே கணக்கு: பந்தைக் கொண்டுபோகத் தெரிந்த இருவரில் ஒருவராவது எப்போதும் உள்ளே இருக்க வேண்டும். அணியின் இன்னொரு கார்டு ஜேடன் ஐவியை விட்டு ஹேய்ஸைத் தொடக்கத்தில் ஆடவைத்தது எங்களுக்கு இன்றுவரை ஏற்கவே முடியாத முடிவு. 2024 பிப்ரவரியில் ஹேய்ஸை அணியே விடுவித்துவிட்டது.

முழுதாகப் பார்க்க நேரமில்லாதவர்கள் மூன்று ஆட்டங்களையாவது பார்க்கலாம்.

டிசம்பர் 26, புரூக்ளினுக்கு எதிராக, சொந்த மைதானத்தில். 118-112 தோல்வி. ஒரே சீசனில் தொடர்ந்து 27 தோல்வி என்ற சாதனை அன்றுதான் வந்தது. அதுவரை 26 என்ற கணக்கை 2010-11 கிளீவ்லாந்தும் 2013-14 ஃபிலடெல்ஃபியாவும் வைத்திருந்தன. கன்னிங்ஹாம் 41 புள்ளி, பெரும்பகுதி இரண்டாம் பாதியில். ஒருவர் 41 அடித்தும் தோற்றால் மற்ற நால்வர் எங்கே நின்றார்கள் என்று மட்டும் பாருங்கள், பந்தைப் பார்க்க வேண்டாம். அணியை விற்றுவிடு என்று உரிமையாளர் டாம் கோர்ஸை நோக்கி ரசிகர்கள் கத்தியதையும் கேட்கலாம். அந்தக் குரலில் வெறுப்பைவிட வலிதான் அதிகம்.

டிசம்பர் 28, பாஸ்டனில். 21 புள்ளி முன்னிலை பெற்று, கடைசியில் கூடுதல் நேரத்தில் 128-122 தோல்வி. முதல் பாதியையும் மூன்றாவது குவார்ட்டரையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். முன்னிலை கரைந்தது மூன்றாவதில். எதிரணி தடுப்பை இறுக்கியதும் முதல் பாஸ் தாமதமாகிறது, ஷாட் எறிய மீதமுள்ள நொடியைக் காட்டும் ஷாட் கிளாக் பத்துக்குக் கீழே போனபிறகுதான் தாக்குதலே தொடங்குகிறது. நம் கல்லூரி அணிகள் அரைநேரத்துக்குப்பின் சரிவதும் இதே மாதிரிதான்.

டிசம்பர் 30, டொரன்டோவுக்கு எதிராக 129-127 வெற்றி. கன்னிங்ஹாம் 30 புள்ளி, 12 அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்). அன்றுதான் டொரன்டோ ஓஜி அனுனோபியை நியூயார்க்குக்கு மாற்றியிருந்தது, ஆள் குறைவு. அதற்காக இந்த வெற்றியின் மதிப்பு குறையாது. கடைசி நிமிடங்களில் பந்தை இழக்காமல் ஆடினால் போதும் என்பதை அந்த அணியே அன்று காட்டியது.

அணிகள் வீரர்களை மாற்றிக்கொண்ட பிப்ரவரி வர்த்தகத்துக்குப் பிறகான பகுதியை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். போக்டனோவிச்சும் அலெக் பர்க்ஸும் நியூயார்க் போய்விட்டார்கள். பாதி அணி புதிது, தாம்சன் மார்ச்சில் உடல்நலக் காரணத்தால் ஒதுங்கினார். அங்கே தெரிவது தவறின் தொடர்ச்சி அல்ல, வெறும் குழப்பம். மலாக்கை ஃபிளின் ஏப்ரலில் பெஞ்சிலிருந்து வந்து 50 புள்ளி அடித்த அட்லாண்டா ஆட்டம் அதற்கு நல்ல சாட்சி: அதிலும் தோல்வி.

வேண்டுமென்றே தோற்றார்கள், புது வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளை எடுக்கத்தான் என்று இங்கே பலர் சொல்வதுண்டு. கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. 2019-ல் வந்து அப்போது நடப்பில் இருந்த குலுக்கல் விதிப்படி, கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் இடம் கிடைக்க ஒரே 14 சதவீத வாய்ப்புதான். கடைசி அணி ஐந்தாம் இடம்வரை இறங்கலாம், அதற்கான வாய்ப்பு 47.9 சதவீதமாக இருந்தது. பிஸ்டன்ஸ் 2023-லும் 2024-லும் லீக்கின் கடைசி அணியாக இருந்து, இரண்டு முறையும் ஐந்தாம் இடத்துக்கே இறங்கியது.

இந்த சீசனைப் பார்த்தால் அடுத்த சீசனையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம், இல்லாவிட்டால் பாடம் பாதியில் நிற்கும். 2024 ஜூனில் மான்டி வில்லியம்ஸை நீக்கினார்கள், அவர் இடத்துக்குப் பயிற்சியாளராக ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தார். டோபையாஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் என்று எறியத் தெரிந்தவர்கள் சேர்க்கப்பட்டார்கள். பீஸ்லி மட்டும் அந்த சீசனில் 319 த்ரீ பாயின்ட் போட்டார். கன்னிங்ஹாம், டுரன், தாம்சன், ஸ்டூவர்ட் அப்படியே இருந்தார்கள். 44 வெற்றி, 38 தோல்வி, பிளேஆஃப்.

இரண்டு சீசனிலிருந்தும் கன்னிங்ஹாமும் டுரனும் ஆடும் பிக் அண்ட் ரோல் (ஸ்கிரீன் போட்டவர் வளையத்தை நோக்கி ஓடும் ஆட்டமுறை) காட்சிகளைப் பத்துப் பத்து எடுத்து, பந்தைத் தொடாத மூவரும் அவர்களைக் காக்கும் எதிரணியினரும் நிற்கும் இடத்தைத் தாளில் புள்ளி வைத்துக் குறியுங்கள். முதல் தாளில் எதிரணியின் புள்ளிகள் பெயிண்டுக்குள் குவிந்திருக்கும், இரண்டாவதில் த்ரீ பாயின்ட் கோட்டை ஒட்டி விரிந்திருக்கும். பயிற்சிக்கு முன்னால் அந்த இரண்டு தாளையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, நம் அணி இப்போது எந்தத் தாளில் இருக்கிறது என்று கேளுங்கள். எறிதல் பயிற்சி யாருக்கு, வெட்டி ஓடும் பயிற்சி யாருக்கு என்பதை அவர்களே பிரித்துச் சொல்வார்கள்.