நளன் கூத்தா, புது மேடை நாடகமா?

குடியாத்தம் பக்கம் ஊர்த் திருவிழாவுக்கு, காசில்லாமல் தவிக்கும் இளஞ்சோடியின் கதையைப் போடலாம் என்கிறீர்கள். சரி, தெருக்கூத்தாக நளன்-தமயந்தியா, புதிதாக எழுதிய மேடை நாடகமா?

செலவு
கூத்து: ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, சம்பளம், சாப்பாடு. திரை பிடிக்க இரண்டு ஆள் போதும்.
நாடகம்: நடிப்பது உள்ளூர்ப் பிள்ளைகள்தான். ஆனால் மேடை, மைக், லைட் வாடகை கையைக் கடிக்கும்.

ஒத்திகை
கூத்து: உங்களுக்கு வேலையே இல்லை.
நாடகம்: தோல் கம்பெனி ஷிப்ட் முடிந்து பையன்கள் வந்து சேர்வதே பெரும்பாடு.

கதை
கூத்து: சூதில் நாட்டை இழந்து, இருவருக்கும் ஒரே ஆடை என்றாகி, தமயந்தி தூங்கும்போது நளன் அதிலும் பாதியை அறுத்துக்கொண்டு நழுவுவான். வறுமை காதலை என்ன செய்யும் என்பதற்கு அந்த இடம் ஒன்றே போதும். நடுவில் கோமாளியாக வரும் கட்டியங்காரன், மகளிர் குழு லோனையும் பேச்சில் இழுத்துவிடுவான். என்ன, விடிய விடிய உட்கார வேண்டும். இளசுகள் பாதியில் கிளம்பிவிடும்.
நாடகம்: இரண்டு மணி நேரம். தறி நின்றுபோன பையன், பீடி சுற்றும் பெண். முறத்தை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டே அவள் பேசினால் முன்வரிசைப் பெண்கள் அசையமாட்டார்கள். வசனம் அழுகாச்சியானால் சொதப்பல்தான்.

அம்மன் கோயில் திருவிழா, பெரியவர்கள் கூட்டம் என்றால் கூத்து. பொங்கல் விழா, கல்லூரி ஆண்டுவிழாவுக்கு நாடகம். பங்குனி முதல் ஆடி வரை ஜமாக்களுக்கு ஓய்வே இருக்காது. கூத்து என்றால் முன்கூட்டியே தாம்பூலம் கொடுத்து நாளை உறுதி செய்துவிடுங்கள்.